சீயக்காய் போட்டுக் கழுவிய ஃபில்டர்

"பழைய இரும்பப் பத்திக் கம்ப்யூட்டர்ல எழுதுனா புதுசாயிருமா கண்ணு?" என்று பழைய இரும்புக்காரர் கேட்டார். பக்கத்தில் நின்ற என் அண்ணனும் சிரித்தான்.

மலைமேல் செம்மேட்டில் அண்ணன் நடத்திய ஒர்க்‌ஷாப்பின் மூலையில் அவை கிடந்தன: காரைத் தாழ்த்துகிற நான்கு ஸ்பிரிங்குகள், உறுமுகிற சைலன்சர், பஞ்சு வைத்த ஏர் ஃபில்டர். எஸ்டேட்காரர் ஒருவர் தன் ஸ்போர்ட்ஸ் காரில் ஆசையாக மாட்டியவை. கொண்டை ஊசி வளைவுகளில் காரின் அடிப்பாகம் உரசி உரசிச் சலித்துப்போய், கழற்றச் சொல்லி அண்ணனிடமே விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து வரும் சந்தையன்று எடைக்குப் போடுவதென்று அண்ணன் முடிவு செய்திருந்தான். அதற்குள் விற்றுக் காட்டுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். தோற்க மனமில்லை.

நாமக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கார் பிரியர்களின் தளம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஆனால் அதற்கு முந்தின நாளே அம்மா ஒரு வேலை செய்திருந்தாள். அந்த ஃபில்டர் பஞ்சில் சிவப்பு எண்ணெய் ஊறியிருக்க வேண்டும். தூசியைப் பிடிப்பது அதுதான். "பிசுபிசுன்னு இருந்துச்சு சாமி" என்று சீயக்காய் போட்டு அலசி, மிளகு காயும் பாயில் வைத்துவிட்டாள். பஞ்சு வெளுத்துவிட்டது.

மறைக்கலாமா என்று தோன்றியது. ஆனால் எங்கள் சந்தையில் பலாப்பழம் விற்பவர்கள் அடிபட்ட பக்கத்தைத்தான் மேலே திருப்பி வைப்பார்கள். பேரம் சீக்கிரம் முடியும். நானும் விளம்பரத்தை அப்படியே தொடங்கினேன். சைலன்சர் அடியில் நசுங்கல், ஒரு ஸ்பிரிங்கில் பெயின்ட் இல்லை, ஃபில்டரை அம்மா சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டார்.

"கொறையவே மொதல்ல சொன்னா எவன் வருவான் புள்ள?" என்றான் அண்ணன்.

சந்தைக்கு முந்தின நாள், என் விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சேலத்திலிருந்து ஒருவர் வந்தார்.

"ஏனுங்க, அந்தச் சீயக்காய் ஃபில்டர் எங்கீங்க?"

கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிழிசல் இல்லீங்க, எண்ணெய் விட்டாப் போதும். இதையே சொல்றவங்க வேற எதையும் மறைக்க மாட்டாங்கன்னுதான் மலையேறி வந்தேன்."

எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனார். "அப்ப நான் கழுவுனதாலதான் வித்துச்சு" என்றாள் அம்மா.

மறுநாள் இரும்புக்காரர் காலியான மூலையைப் பார்த்து, "சாமானெல்லாம் எங்க கண்ணு?" என்றார்.

"வித்தாச்சுங்க. உங்க குடோன்ல கார் சாமான் ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

நான்கு அலாய் வீல் கிடந்தது. அன்றைக்கே அண்ணனைக் கூட்டிப்போய்ப் பார்த்து, எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதே நோட்டில் அடுத்த விளம்பரத்தின் முதல் வரியையும் எழுதிவிட்டேன்: நான்கில் ஒன்றின் விளிம்பு வளைந்திருக்கிறது.