பல்பொடி போட்டுத் தேய்த்த இரண்டு ரூபாய்

நாணயம் சேர்க்கும் என்னைப் போன்ற அவசரக்குடுக்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் மேரி அக்கா, கோணல்மாணலான காசு வந்தால் எனக்கென்று எடுத்து வைப்பார். போன மாதம் ஒரு பழைய இரண்டு ரூபாயை நீட்டினார். அச்சு நடுவில் விழாமல் ஓரத்துக்கு விலகி, பாதி காசு மொட்டையாக இருந்தது.

"இன்னா நைனா, இது உனுக்கு ஆவுமா?"

"யக்கா, செம பீஸு!"

தி.நகரில் நடக்கவிருந்த நாணயக் கண்காட்சிக்கு போட்டோ அனுப்பினேன். என் பெயர் போட்டுக் காட்சிக்கு வைக்கலாம் என்றார்கள். காசோ ஒரே கறுப்பு, மீன் வாடை வேறு. கண்காட்சிக்கு முந்தின நாள் பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன்.

கண்காட்சி நடத்துபவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தேய்ச்சியாப்பா?"

"ஆமா சார், சூப்பரா இருக்குல்ல?"

"பூரா கீறல். போலியா நிஜமான்னு அந்தக் கறுப்பை வெச்சுதான் பார்ப்போம். இதை வைக்க முடியாதுப்பா."

அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மாம்பலம் ஸ்டேஷன் வரை எப்படி நடந்தேன் என்றே ஞாபகமில்லை.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "காசைப் போய் குளிப்பாட்டி வுட்டியா, லூசு!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

இப்போது அவர் தரும் காசைத் துடைப்பதுகூட இல்லை. செதில் ஒட்டியிருந்தாலும் அப்படியே காகித உறையில் போட்டுவிடுகிறேன். பெட்டியைத் திறந்தால் மீன் வாடை தூக்குகிறது. அந்த இரண்டு ரூபாயில் மட்டும் எந்த வாடையும் இல்லை.