ஃபுல் டவர் காட்டிய அறை

காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்தை விட்டுக் கிளம்பினோம். ஒரகடம் அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். முடிச்சூர், படப்பை வழி. வண்டிக் கூரையில் நான்கு ஆன்டெனா, பின் இருக்கையில் அளவுக் கருவி, அதற்குப் பக்கத்தில் நான். எனக்குக் கவலைப்படக் காரணமே வேண்டாம், வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கோ உண்மையான காரணமே இருந்தது. வடக்குப்பட்டுப் பக்கம் போனில் சிக்னல் காட்டுகிறது, பேச்சு போகவில்லை என்று புகார். ஒருவர் ஆம்புலன்ஸுக்கு அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆட்டோவில் போயிருக்கிறார்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்லி மாளாது. எந்த அலைவரிசை யாருக்கு என்று நாடு முழுக்கப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் அனுமதியில்லாமல் யாராவது குறுக்கே புகுந்தால் தேடிப் பிடிப்பது எங்கள் பிரிவின் பொறுப்பு. காற்றில் திருடன் பிடிக்கிற உத்தியோகம் என்று என் தங்கை கிண்டல் செய்வாள்.

படப்பையில் டீ, பதினைந்து ரூபாய். டிரைவர் பாஸ்கர் வடை இரண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார். "இன்னாத்துக்கு மேடம் மூஞ்ச உம்முனு வச்சிகினு கீறீங்க? குறுக்கால பூந்த பொட்டிதானே, கெடச்சிடும்" என்றார். கிடைக்காமல் போவது பற்றி எனக்குப் பயமில்லை. கிடைத்த பிறகு ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டுமே, அதுதான் கவலை.

பத்தரைக்கு ஒரகடம். காலை ஷிப்ட்டுக்கு ஆள் இறக்கிவிட்ட கம்பெனி பஸ்கள் ஓரமாக வரிசை கட்டி நின்றன. வடக்குப்பட்டுக்குள் திரும்பியதும் என் கருவியின் திரையில் குறுக்கே புகுந்த இரைச்சல் குபீரென்று எழுந்தது. மூன்று இடத்தில் இறங்கி, மீன்முள் மாதிரி இருக்கும் கை ஆன்டெனாவைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, திசையைக் குறித்துக்கொண்டேன். வரைபடத்தில் மூன்று கோடும் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. மாடியில் தகர ஷீட் போட்ட பெண்கள் விடுதி.

பன்னிரண்டேகால். விடுதிக்காரர் கலா, ஐம்பது வயதிருக்கும். விவசாயக் குடும்பம்தான். இப்போது அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். என் அடையாள அட்டையைப் பார்த்ததும் அவருக்குக் குரல் ஏறிவிட்டது.

"நான் இன்னாமா தப்பு பண்ட்டேன்? தகரத்துக்குக் கீழ டவரே எடுக்காது. பொண்ணுங்க தண்ணி டேங்க் மேல ஏறி நின்னுகினு வூட்டுக்குப் பேசிகினு இருந்துதுங்க. எவளாவது வழுக்கி வுழுந்தா நீயா வந்து பதில் சொல்லுவ? அதான் ஒரு பொட்டிய ஆன்லைன்ல போட்டு வாங்கி நானே மாட்டுனேன்."

மாடி அறைச் சுவரில் சிறு பெட்டி. சிக்னலைக் கூட்டித் தரும் பூஸ்டர். வெளி ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியிலும் உள் ஆன்டெனாவை அதே ஜன்னலுக்கு உள்பக்கமும் கட்டியிருந்தார். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் கீச்சென்று கத்துமே, அதே கதை. பெட்டி இரவும் பகலும் கத்தி, ஊர் செல்போன் டவரின் காதை அடைத்துக்கொண்டிருந்தது. யார் பேசியும் அதற்குக் கேட்கவில்லை.

பெட்டிக்கு நேர் கீழே ஒரு பெண் போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இசக்கி. சங்கரன்கோவில் பக்கம், வயது இருபத்திரண்டு. அன்றைக்கு அவள் அம்மாவுக்குத் திருநெல்வேலியில் இருதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன் அண்ணன் போன் செய்வதாகச் சொல்லியிருந்தான். காலையிலிருந்து அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லையாம். நான் பிளக்கில் கை வைத்ததும் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாளு விட்ருங்க. அண்ணன் கூப்பிடுவான். இந்த எடத்துலதான் ஃபுல் டவர் காட்டுதுல்லா!"

"அது பொய்ம்மா. உனக்கு வர்றதை மட்டும்தான் அது காட்டும். உன் போன் பதில் சொல்றது டவருக்குப் போய்ச் சேரலை. உங்க அண்ணன் கூப்பிட்டிருந்தாலும் உனக்கு வந்திருக்காது."

அவள் நம்பவில்லை. நானும் முழுக்க நம்பிச் சொன்னேனா தெரியாது. பிளக்கைப் பிடுங்கினேன். போனில் சிக்னல் மளமளவென்று இறங்கி ஒன்றுமில்லாமல் போனது. "பாவி, நீ நல்லா இருப்பியா!" என்று அலறிவிட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கி ஓடினேன்.

தெருவில் ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு போன் துள்ளத் தொடங்கியது. தவறிய அழைப்புகளின் குறுஞ்செய்திகள், ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாம் அண்ணன். எட்டரையிலிருந்து பதினொன்று வரை ஏழு முறை அடித்திருக்கிறான்.

அவளே அழைத்தாள். முதல் ரிங்கிலேயே எடுத்தான். அம்மாவைப் பதினொரு மணிக்கே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இசக்கி அழவில்லை. தெருவில் அப்படியே குந்திவிட்டாள். மேலே நின்று எட்டிப்பார்த்த கலா, "ஐயோ, நல்லதுன்னு நெனச்சிதானேமா மாட்டுனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டேகாலுக்கு அவளுடைய மதிய ஷிப்ட்டுக்கான கம்பெனி பஸ். கேட்டில் போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். இரவு வரை தரமாட்டார்கள். இன்னொரு லீவு போட்டால் பேரை எடுத்துவிடுவார்களாம். பஸ் ஏறும் முன், சற்று முன்னால் பாவி என்று திட்டிய அதே வாயால், "அக்கா, ஒங்க நம்பர அண்ணனுக்குக் குடுக்கட்டா? சேதி வந்தா கேட்ல வந்து சொல்லுவீயளா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

பெட்டியைக் கழற்றி, சீல் வைத்து, கலாவிடம் கையெழுத்து வாங்கினேன். மறுபடி அளந்தேன். திரை துடைத்துவிட்டது போல் இருந்தது. வேலை முடிந்தது, ஊருக்குப் போகலாம். ஆனால் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்கர் ஆறிப்போன வடையை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்று ஐம்பதுக்கு அழைப்பு. "அம்மைய வெளிய கொண்டாந்துட்டாவ. நல்லாயிருக்காவன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றான் அண்ணன். பாஸ்கரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவன் வைக்கவில்லை. "உள்ள போறதுக்கு முன்ன அவ குரல ஒருக்கா கேக்கணும்னு அம்மை அழுதாவ. லைன் கெடைக்கல. இத அவகிட்ட சொல்லிராதிய."

கம்பெனி கேட்டுக்கு ஆறு கிலோமீட்டர். பாஸ்கர் ஒன்பது நிமிடத்தில் கொண்டுபோனார். செக்யூரிட்டிக்காரர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள வுட முடியாது மேடம். இண்டர்காம்ல சூப்பர்வைசரக் கூப்புடுறேன், அவரு பொண்ணக் கூப்புடுவாரு." ஐந்து நிமிடம். பின்னால் மிஷின் சத்தத்தோடு அவள் குரல்.

"நல்லாயிருக்காங்கம்மா. முடிஞ்சிடுச்சு" என்றேன்.

பெரிய மூச்சு ஒன்று கேட்டது. பிறகு, "அக்கா, உள்ள போறதுக்கு முன்ன அம்மா என்னையக் கேட்டாவளா?"

நான் பதினொரு வருடமாக அளந்ததை அளந்தபடி எழுதுகிறவள். அண்ணன் சொல்ல வேண்டாம் என்றிருந்தான். செக்யூரிட்டிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டாங்கம்மா. உன் குரலைக் கேக்கணும்னு அழுதாங்களாம்."

மிஷின் சத்தத்துக்கு நடுவே மூக்கை உறிஞ்சினாள்.

"எங்கிட்ட பேசணும்னு அழுதாவளா?" என்றாள். அந்தக் குரலில் அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "சரிக்கா. என் எடத்துல வேற பிள்ள நிக்கா. நான் போறேன்."