கல்லைக் கழித்தால் மிஞ்சும் மோதிரம்

அமெரிக்காவின் ஸூனிப் பழங்குடி மக்கள் செய்த டர்கோய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த பழைய நகைகளில் எனக்குள்ள பைத்தியம் உங்களுக்குத் தெரியும். எட்டு மாதம் இணையத்தில் தேடிப் பிடித்த தங்க மோதிரம் வந்துவிட்டது. விரலுக்குள்தான் போகவில்லை.

இன்று ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து, பெரிதாக்கித் தரச்சொல்லி டவுன் நகைக்கடைக்குக் கொண்டுபோனேன்.

மோதிரத்தைத் தராசில் வைத்த கடைக்கார அண்ணனின் முகம் வாடிவிட்டது.

"தங்கச்சி, ஆரோ உங்கள ஏமாத்திப்போட்டாங்கள். கல்லைக் கழிச்சா தங்கம் கொஞ்சம்தான். கல்லும் கோடு கோடா வெடிச்சுக் கிடக்கு."

"அண்ணா, அந்தக் கோட்டுக்காகத்தான் வாங்கினனான்."

"கவலைப்படாதேங்கோ. கல்லைக் கழட்டி எறிஞ்சிட்டு, தங்கத்தில சின்னத் தோடு செய்து தாறன்."

மோதிரத்தைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நல்ல மனுசன். நீ ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார்.

மோதிரம் இப்போது அலுமாரிக்குள்; அதன் சாவி இனி என் கைப்பையில்தான். நீங்கள் வீட்டில் யாரிடமிருந்து எதை ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?