நீலப் பேனையால் ஒரு கோடு

அந்தப் படத்தில் இடது புருவத்துக்கு மேலே இருக்கும் கோடு படத்தோடு வந்ததல்ல, நீலப் பேனையால் கீறியது. கீறியவர் ஒரு அக்கா. கீற வேண்டிய நிலையை உண்டாக்கியவன் நான்.

இரண்டாயிரத்து ஒன்பது முடியும் தறுவாயில் வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். பழைய வீடியோ கசெற்றுகளைக் கணினியில் ஏற்றிச் சுத்தப்படுத்துவது என் வேலை. அகதி முகாமிலிருந்து வெளியே வந்து நெளுக்குளத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த அந்த அக்கா, ஒரு கசெற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். சமாதான காலத்தில் மல்லாவியில் நடந்த அவருடைய தமக்கை மகளின் சாமத்திய வீடு, வயதுக்கு வந்த சடங்கு, அதில் இருந்தது. கடைசிச் சண்டையில் கணவரைத் தவறவிட்டிருந்தார். ஓடிய ஓட்டத்தில் அல்பங்களும் போய்விட, கணவரின் முகம் மிஞ்சியது அந்தக் கசெற்றில் மட்டும்தான். காணாமற்போனவர்களைப் பதிகிற இடத்தில் படம் கேட்டிருந்தார்கள்.

சாமத்திய வீட்டு வீடியோவில் ஆண்களுக்கு ஏது இடம்? பந்தல் போடுவார்கள், சமையல் கிடாரம் தூக்குவார்கள், கமரா வந்தால் விலகிப்போவார்கள். அக்காவின் கணவரும் வாழைக்குலையோடு குறுக்கே போய், ஒருதரம் திரும்பிச் சிரித்தார். அவ்வளவுதான்.

தண்ணீர் புகுந்து பூஞ்சணம் பிடித்த கசெற் ஒருமுறைதான் ஓடியது. பிறகு நாடா சுருண்டு அறுந்துவிட்டது. ஏறிய காட்சி முழுவதும் மணலை அள்ளி எறிந்ததுபோலப் புள்ளிகள், வெள்ளைக் கீறல்கள். மென்பொருளால் புள்ளிகளை அடக்கிவிட்டு, எஞ்சிய கீறல்களைக் கையால் ஒவ்வொன்றாக அழித்தேன். நெற்றியில் ஒன்று விடாப்பிடியாக நின்றது. நாடாவின் கீறல் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். இதுவோ முகத்தோடு கூடவே நகர்ந்தது. அதைக் கவனிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை; அதையும் சேர்த்து அழித்தேன். முகம் பளிச்சென்று வந்ததும் பெரிய வேலைக்காரன் என்ற நினைப்பு வேறு. கணினியில் இடம் போதாதென்று மூலப்பதிவை அன்றைக்கே அழித்தேன். அதுதான் நான் செய்த பாவம்.

மறுநாள் வந்த அக்கா, நான் அச்சிட்டு வைத்திருந்த படத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார்.

“வடிவாத்தான் செய்திருக்கிறீங்கள் தம்பி,” என்றார். படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, “புருவத்துக்கு மேல வெட்டுக்காயத் தழும்பு இருந்தது. அதைச் சொல்லித்தான் பதிஞ்சனான். அது எங்க?” என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். இனி எடுக்க வழியில்லை என்பதையும் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன்; ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் என் மேசையிலிருந்த பேனையை எடுத்தார்.

“படத்தில இல்லையெண்டால், ஆளும் அவரில்லையெண்டு சொல்லிப்போடுவினம்.”

தன் புருவத்துக்கு மேலே விரலால் ஒருதரம் தடவி இடம் பார்த்துக்கொண்டு, படத்தில் கீறினார்.

இப்போது கைத்தொலைபேசியே கேட்காமல் முகங்களின் தழும்புகளை மெழுகிவிடுகிறது. நான் எந்த மூலப்பதிவையும் அழிப்பதில்லை. அதனால் அந்த அக்காவுக்கு என்ன பிரயோசனம்? போன மாதம் வீதியோரப் போராட்டப் பந்தலில், காணாமற்போனவர்களின் உறவினர் நடுவே அவரைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் அதே படம், பிளாஸ்ரிக் உறைக்குள். வெயில் பட்டுப் பட்டு உள்ளேயிருந்த நீலக் கோடு வெளிறிப்போயிருந்தது. அதே இடத்தில், உறையின்மீது, புதிதாக ஒரு கோடு கீறியிருந்தார்.