அத்தர் தடவிய முகமூடி

பஞ்சர் ஒட்டத் தெரிந்தவனுக்கு ஆகாயத்தில் வேலை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். யுத்தம் வந்து டயரும் டியூபும் கிடைக்காமல் போனதும், ஆட்டையாம்பட்டியில் நான் வைத்திருந்த சைக்கிள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். நாமக்கல் போகும் வழியில் சோளக்காட்டை மட்டப்படுத்தி விமானம் இறங்க இடம் போட்டிருக்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். போய் வரிசையில் நின்றேன். "ரப்பர் வேலை தெரிஞ்சவன் யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. கையைத் தூக்கினேன். அவ்வளவுதான்.

என் வேலை முகமூடி. பத்தாயிரம் அடிக்கு மேலே போனால் மனுசனுக்கு மூச்சுக்காற்று போதாது. மூக்கையும் வாயையும் மூடுகிற ஒரு ரப்பர் மூடியை மாட்டிக்கொண்டு, சிலிண்டரில் அடைத்த ஆக்சிஜனைக் குழாய் வழியாக இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் குடித்தவன் போல உளறி, காரணமில்லாமல் சிரித்து, அப்படியே தூங்கிப்போவான். அந்த முகமூடிகளைக் கழுவி, காயவைத்து, ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, குழாயின் மூட்டைப் பூட்டி, நோட்டில் குறித்து வைக்கிறவன் நான். உள்ளே முகம் படுகிற இடத்தில் மெல்லிய தோல் வைத்துத் தைத்திருக்கும். மேச்சேரி ஆட்டுத் தோல்கூட அவ்வளவு மெத்தென்று இருக்காது.

எங்கள் கொட்டகைக்குப் பெரியவர் ஒரு வெள்ளைக்கார சார்ஜண்ட். முதல் நாளே என் தலையை முகர்ந்து பார்த்து, சோப்பைக் கையில் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்பிவிட்டார். எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் குழாயின் மூட்டைத் தொட்டால் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளுமாம். அன்றோடு தலைக்கு எண்ணெய் கிடையாது.

எங்கள் பக்கத்தில் எண்ணெய் வைக்காத தலை என்றால் வீட்டில் துக்கம் என்று அர்த்தம். என் சம்சாரத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ஊட்டுல எளவு உழுந்தாப்புல இப்படிப் பரட்டையாப் போறீங்களே, எங்கப்பனுக்கு என்னாச்சுன்னு எல்லாரும் கேக்கறாங்க" என்றாள். சந்தையில் கீரை விற்கிற அம்மா என் தலையைப் பார்த்ததும், "யாரு சாமி போயிட்டாங்க?" என்று கேட்டு, ஒரு கட்டு கூடவே வைத்தது. ஆக்சிஜன் என்று அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்ல? "தூரத்துச் சொந்தமுங்க" என்று சொல்லிக் கீரையை வாங்கிக்கொண்டேன்.

வாரக்கணக்கில் கழுவினால் முகமூடியே ஆளைச் சொல்லிவிடும். ஒருத்தர் மேலே போனால் பாட்டுப் பாடுவார் போல; எச்சில் தெறித்திருக்கும். ஒருத்தர் தோலைக் கடித்து வைத்திருப்பார். ஒன்று மட்டும் என்னிடம் மற்றவற்றோடு வராது. அதன் சொந்தக்காரர் சட்டைக்குள் ஒளித்து, தானே கொண்டுவந்து தருவார்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். இருபத்தொன்று இருக்கும். தனியாளாக உயரத்தில் போய்ப் படம் எடுத்து வருகிற வேலை. நாலு பேர் முன்னால் அவர் எனக்கு சார். கொட்டகையில் யாரும் இல்லாவிட்டால் தம்பி.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று முதல் தடவை நீட்டினார். உள்ளே வாந்தி.

"என்னத்தச் சாப்டீங்க தம்பி?"

"சாப்பாடு இல்லண்ணே. இந்த ரப்பர் நாத்தம். புதுச் செருப்பை வாயில கவ்விக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

மேலே இருக்கிற குளிரில் அது உறைந்து குழாய் அடைத்தால் ஆளே போய்விடுவார். டாக்டரிடம் சொன்னால் பறக்கவே விடமாட்டார்கள் என்று அவருக்குப் பயம். சொன்னால் அவர் மனசு ஒடியும், சொல்லாவிட்டால் உசிரே போகும் என்று நான் தவித்தேன். சொல்லவில்லை. கைக்குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். நாற்றம் போகவில்லை.

அப்போது ரம்ஜான் வந்தது. பாராசூட் மடிக்கிற கொட்டகையில் சேலம் கோட்டைப் பக்கத்து பாய் ஒருத்தர் இருந்தார். காலையில் தொழுகை முடித்து, தூக்குப்போசியில் சேமியாவோடு வேலைக்கு வந்தார். "வாங்க மாப்ளே" என்று என்னைக் கட்டிப்பிடித்து, புறங்கையில் அத்தர் தடவி, அத்தரில் நனைத்த பஞ்சு ஒன்றும் கொடுத்தார். "காதுல வெச்சுக்கங்க. பரட்டைத் தலையாவது மணக்கட்டும்."

அன்று மத்தியானம் தஞ்சாவூர்த் தம்பி மேலே போக வேண்டும். காதில் வைத்த பஞ்சை எடுத்தேன். முகமூடியின் உள் தோல் முழுக்க ஒத்தினேன். சந்தனமும் ரோஜாவுமாக அப்படி ஒரு வாசம். அதே விரல்களால் குழாய் மூட்டையும் பூட்டினேன். எண்ணெய் என்று நான் நினைத்திருந்தது நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், தலைக்கு வைப்பது, வண்டி மசகு. அத்தர் எனக்கு வாசனை. வாசனையில் எண்ணெய் இருக்கும் என்று புத்தியில் படவேயில்லை.

தம்பி முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, கல்யாண வீட்டுக்கா அனுப்பறீங்க? வரேன்." போய்விட்டார்.

விமானம் ஏறிய சத்தம் அடங்கியதும் குறித்து வைக்க நோட்டைப் பார்த்தேன். திறந்திருந்த பக்கத்தில்தான் பஞ்சை வைத்திருந்தேன். அதைச் சுற்றிக் காகிதம் பஜ்ஜி மடித்தது போலக் கண்ணாடியாகியிருந்தது. அடிப்பக்கத்து எழுத்து மேலே தெரிந்தது. விரலை விரலோடு தேய்த்தேன். வழுக்கிற்று.

ஒன்றும் ஆகாமல் வந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. அந்த நினைப்பு ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு ஓடினேன்.

சார்ஜண்ட் டீ குடித்துக்கொண்டிருந்தார். தெரிந்த இங்கிலீஷில் எண்ணெய், மாஸ்க், மேலே என்று மூன்று வார்த்தைதான் வந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. டெலிபோனை எடுத்து, ஆக்சிஜனைத் திறக்காதே, இறங்கி வா என்று ரேடியோவில் அவனுக்குச் சொல்லுங்கள் என்று கத்தினார். அந்த விமானம் பத்தாயிரம் அடி ஏறக் கால் மணி ஆகும். அது கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று என்று என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்து நின்றோம். கொல்லிமலைப் பக்கம் வானம் வெறுமையாக இருந்தது. விஷயம் காதில் விழுந்து பாய் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் குடுத்ததா மாப்ளே?"

"நீங்க குடுத்தது என் காதுக்குங்க பாய். அந்தப் பையன் மூஞ்சில வெச்சது நான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. நானும் எங்கள் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் பாய்க்குத்தான் சத்தம் கேட்டது. அப்புறம் எனக்கு. விமானம் இறங்கி, ஓடி, நின்றது. தம்பி குதித்து வந்தார். முகமூடி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒம்பதாயிரம் தாண்டிட்டேன். தெறக்கறதுக்குக் கை வெச்சேன். அப்பத்தான் காதுல கத்துனாங்க" என்றார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

சார்ஜண்ட் ஒரு துணியால் முகமூடியை வாங்கி வாளியில் போட்டார். பற்றாமலே போயிருக்கலாம் என்றார். பற்றியிருந்தால் முகம்தான் முதலில் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எதற்காக இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தப் பையன் ஒளித்து வைத்தது வெளியே வந்துவிடும். வேலை போனால் போகட்டும், திரும்பக் கடையில் ஈ ஓட்டிக்கொள்ளலாம் என்று தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்காகத்தான் செஞ்சிருக்கார்" என்று, விஷயம் புரிந்துபோன தம்பியே முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு சார்ஜண்டுக்கு இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். வாந்தி, சட்டைக்குள் ஒளித்தது, நான் கழுவியது. சொல்லும்போது காது சிவந்துபோயிற்று.

சார்ஜண்ட் மீசையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். எனக்குப் பதினைந்து நாள் ஓடுபாதையில் கல் பொறுக்கும் தண்டனை. தம்பியை டாக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் பறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தினம் அரைமணி நேரம் தரையில் முகமூடியோடு உட்கார்ந்து பழகு, பிறகு பார்க்கலாம் என்றார்.

தனியாக உட்காரத் தம்பிக்கு வெட்கம். கல் பொறுக்கி முடிந்ததும் நானும் ஒரு பழைய முகமூடியை மாட்டிக்கொண்டு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மாசக்கணக்காகக் கழுவியிருக்கிறேன், ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. தம்பி சொன்ன அதே புதுச் செருப்பு நாற்றம். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் என்னைப் பார்த்து உள்ளுக்குள்ளேயே சிரித்தார், ரப்பர் குலுங்கிற்று. பாய் வாசலில் நின்று, "ரெண்டு யானைக் குட்டிக்கும் தும்பிக்கை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு ஒரு நாள் தம்பியை மேலே விட்டார்கள். சாயங்காலம் இறங்கி நேரே கொட்டகைக்கு வந்தார். சட்டைக்குள் கை விடவில்லை. எல்லார் முன்னாலும் முகமூடியைக் கையிலேயே கொண்டுவந்து, உட்புறம் மேலே தெரியும்படி என்னிடம் நீட்டினார்.

"பாருங்கண்ணே."

விரலை விட்டுத் தடவினேன். ஈரமாகத்தான் இருந்தது. மூச்சு விட்ட ஈரம்.