‘இல்லை’ என்று சொல்லாத மில்

போன வாரம் மாத்தளையில் வர்த்தகர்களுக்கு ஒரு கருத்தரங்கு. பத்திரிகைக்கு எழுத நானும் போயிருந்தேன். தலைப்பு — ‘முதலாளி பேசினால் லாபம் பேசும்’. கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் டையும் காலர் மைக்குமாக மேடையில் அங்குமிங்கும் நடந்தார்.

“உங்கள் ஊழியர்களிடம் கடைசியாகச் சொன்ன கெட்ட செய்தி என்ன? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்!”

என் பக்கத்தில் இருந்தவர் ஹனீபா முதலாளி. அலுவிகாரையில் ஏ-ஒன்பது வீதியோரம் தூள் மில் வைத்திருப்பவர். மிளகாய், மல்லி, மஞ்சள்... அந்த இடத்தில் பஸ் யன்னலைத் திறந்தால் தும்மல் நிச்சயம்.

“கெட்ட செய்தியா? நான் சொன்னதே இல்லையே, பேப்பர்காரரே” என்றார்.

பெருமையாகச் சொல்லவில்லை.

கடைக்காரர்களுக்கு இது விளங்கும். எங்கள் பக்கத்துக் கடைகளில் ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. சீனி முடிந்துவிட்டதா? “நாளைக்கு வரும்.” பருப்பு? “லொறி வந்துக்கிட்டிருக்கு.” இல்லை என்று சொன்னால் இருப்பதும் போய்விடும் என்று ஒரு பயம். ஹனீபாவின் வாப்பா அப்படித்தான் அவரைப் பழக்கினார்.

சீனிக்கு அது சரி. மனிதர்களுக்கு?

போர்நிறுத்தத்தில், வடக்கே போகும் அந்த ஏ-ஒன்பது பாதை திறந்திருந்த நாட்களில் அந்த மில்லுக்கு ஓய்வே இல்லை. தூள் மூட்டைகள் வவுனியா தாண்டிப் போயின. சண்டை தொடங்கியதும் பாதை மறுபடி மூடப்பட்டது. சோதனைச் சாவடியில் கம்பியால் குத்திப் பார்த்த மூட்டைகள் ஓட்டைகளோடு திரும்பி வந்தன. மில் நின்றது.

அங்கே வேலை செய்த பெண்களுக்கு ராஜிதான் தலைவி. பக்கத்து ரப்பர் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்தவர். பதவி எதுவும் கிடையாது — ஆனால் அவர் வந்தால்தான் மற்றவர்களும் வருவார்கள். பஸ்ஸில் இடம் பிடிப்பது, சண்டையை விலக்குவது, அழுகிறவளைச் சிரிக்க வைப்பது எல்லாம் அவர்தான்.

மில் நின்ற பிறகும் ஒவ்வொரு திங்களும் ராஜி மில் வாசலுக்கு வந்தார்.

“முதலாளி, வேலை தொடங்குமா?”

“வரும் புள்ள, வரும். அடுத்த கிழமை பாப்போம்.”

அந்த ‘அடுத்த கிழமை’யை நம்பி, நாவுலயில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் கிடைத்த வேலையை அவர் வேண்டாம் என்றார். அடுத்த கிழமை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கடைசியில் சின்ன மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்காகக் குவைத்துக்கு விமானம் ஏறினார்.

அவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்குத் தூள் அனுப்ப ஓடர் கிடைத்தது. முதலாளி அதற்காக ஆரம்பத்திலிருந்தே அலைந்துகொண்டுதான் இருந்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை. கைக்கு வராததைச் சொல்லி ஆசை காட்டக் கூடாதாம்! மில் திறந்தது. ராஜி இல்லாத மில்லுக்குப் பாதிப் பெண்கள் திரும்பவே இல்லை. செய்ய ஆளில்லாமல் அடுத்த ஓடர் கைவிட்டுப் போனது.

“‘இப்ப வேலை இல்ல, கொழும்புல கேட்டிருக்கேன், கிடைக்குமா தெரியாது’ன்னு சொல்லியிருந்தா போதும்” என்றார் ஹனீபா, கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில். “புள்ள நாவுலயில மிளகா நட்டுக்கிட்டு இருந்திருக்கும். கூப்பிட்டா ஒரே பஸ்ல வந்திருக்கும்.”

நல்ல செய்தி வரட்டும், அப்புறம் சொல்லலாம் — எத்தனை முதலாளிமார் இதைக் கருணை என்று நினைக்கிறார்கள்! தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மிச்சத்தை ஊழியர்களே யோசித்துக்கொள்வார்கள். யோசிக்க அவர்களுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

“வெள்ளிக்கிழமை மில்லுக்கு வாங்க” என்றார் ஹனீபா. “ராஜி குவைத்துல இருந்து கோல் எடுப்பா.”

போனேன். ராஜியின் லயத்தில் தொலைபேசி இல்லை. அதனால் வெள்ளிதோறும் மில்லுக்குத்தான் அழைப்பு வரும். ஜும்மா முடிந்து முதலாளி வந்தார். ராஜியின் கணவர் செல்வம் மகளோடு முன்பே வந்து காத்திருந்தார். சுவரோரம் ஓடாத மெஷின்கள்.

“என்கூட எங்கங்க பேசுறா?” செல்வம் சிரித்தார். “யாரு மல்லி வறுக்கிறா, கருக விட்டாளான்னு கேக்கத்தான் அவளுக்கு நேரம்.”

மணி அடித்தது. செல்வம் பேசினார். மகள் பேசினாள் — விழுந்த பல்லின் இடைவெளியைத் தொலைபேசிக்கு வாய் திறந்து காட்டினாள். பிறகு முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

“முதலாளி, அடுத்த மாசம் ரெண்டு வருஷ எக்ரிமென்ட் முடியுது. மெடம் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நான் வந்தா வேலை இருக்கா?”

‘வரும் புள்ள’ என்று தொடங்கத்தான் அவர் வாய் திறந்தார். அந்த அறையில் எல்லோருக்கும் அதைத்தான் கேட்க ஆசை. எனக்கும்தான்.

“இல்ல புள்ள.”

செல்வம் நிமிர்ந்து பார்த்தார்.

“இப்ப இல்ல. இருக்கிற ஓடர் இங்க இருக்கிறவங்களுக்கே பத்தாது. பாதை எப்ப திறக்கும்னு தெரியாது. கண்டியில புதுசா ஒண்ணு கேட்டிருக்கேன். கிடைச்சாலும் சொல்றேன், கிடைக்காட்டியும் சொல்றேன்.”



“முதலாளிதானா பேசுறது?” ராஜி சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். “அப்ப இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டே வாறேன்... இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, முதலாளி.”

முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டு, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

ராஜியின் மகள் அவர் உடுத்தியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தாள். “அம்மா எப்ப வருவாங்க?”

“ஒரு வருஷம் ஆகும், மகள்” என்றார் ஹனீபா.

அவள் முகம் சுருங்கியது. அழவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, தை, மாசி என்று விரல் மடக்கத் தொடங்கினாள்.

‘வரும், வரும்’ என்பதை எந்த விரலில் மடக்குவது?