ஒரு தட்டு என்றால் ஓம்

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது ஒரு கறுப்புப் போன். செங்கல் மாதிரிக் கனம். ஒவ்வொரு பொத்தானும் கரம்போர்டுக் காய் அளவு பெரிது. பின்பக்கத்தில் அவசரத்துக்கு அழுத்தவென்று ஒரு சிவப்புப் பொத்தான் வேறு.

"வயசுபோன ஆக்களுக்கு இதுதான் நல்லம் டீச்சர். எல்லாரும் இதத்தான் எடுக்கிற" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஆரு வயசுபோன ஆள்? அவருக்கு வந்தது வருத்தம், வயசில்ல" என்றேன். பாவம், ஓட்டமாவடியில் போன் கடை வைத்திருக்கிற அந்த மனிதருக்கு என் கணவர் எப்படி இருந்தவர் என்று எங்கே தெரியும்?

இவர் வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். விடிய வள்ளங்கள் வந்து மீனைக் கொட்டியதும் நடுவில் நின்று விலையைக் கூறி, வியாபாரிகளைச் சீண்டி, சிரிக்க வைத்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி விற்றுக் கொடுப்பார். எல்லாம் தொண்டையால் செய்கிற வேலை. அவ்வளவு நேரம் மீன் தண்ணீருக்குள் நின்றுவிட்டு வந்தால், குளித்து, சென்ட் பூசி, அழுத்தின சட்டை போடாமல் சோற்றுக்கு இருக்க மாட்டார். "மாப்பிள்ள எங்கயோ பொம்புள பார்க்கப் போறார் போல" என்று நான் நையாண்டி பண்ணினால், "வந்து பார்த்தாச்சு, பிடிக்கல்ல, சோத்தப் போடு" என்பார். சண்டையிலும் அப்படித்தான். கடைசிச் சொல்லை எனக்கு விட்டுத் தந்ததே இல்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற எனக்கு, அந்த ஒரு வாயை அடக்க முடிந்ததில்லை.

போன வருடம் பாரிசவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டு போய்விட்டது. கால்கள் தப்பின, மெல்ல மெல்ல நடப்பார். ஆஸ்பத்திரியில் எங்களை அனுப்பும்போது, "சொல்றது அவருக்கு விளங்கும், பதில்தான் வராது. கோபம் வராமப் பார்த்துக்கொள்ளுங்க" என்றார்கள்.

கோபம் வரவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குடிக்கக் கொடுத்தால் குடித்தார். படுக்கச் சொன்னால் படுத்தார். உப்பில்லாக் கஞ்சியை முகம் சுளிக்காமல் விழுங்கினார். என் மனிதர் உள்ளே இருக்கிறாரா, அல்லது உடம்பை மட்டும்தான் என்னிடம் திருப்பித் தந்தார்களா என்று கிணற்றடியில் நின்று அழுதிருக்கிறேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போக வேண்டி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் இடைக்கிடை எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். அவருடைய பழைய டச் போனும் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன். முதல் நாள் இடைவேளையில் அவருக்குப் போன் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. மறுகா எடுத்தேன், அதே கதை. அதிபரிடம் சொல்லிவிட்டு ஓர் ஆட்டோவைப் பிடித்து, வழியெல்லாம் எடுத்தபடியே வீட்டுக்கு ஓடினேன்.

அவர் கதிரையில்தான் இருந்தார். மடியில் போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஓடுகிற பச்சை வட்டத்தை இடது பெருவிரலால் தள்ளிப் பார்க்கிறார், அது போன இடத்துக்கே திரும்பி வருகிறது. இளமையில் மீன்பெட்டி தூக்கித் தூக்கித் தடித்துப்போன விரல், பழக்கமில்லாத கை. என்னைக் கண்டதும், ஏதோ பிழை செய்த பிள்ளை போலப் போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பார்வையை எனக்குத் தாங்க ஏலாமல் போயிற்று. அன்று பின்னேரமே ஓட்டமாவடிக்குப் போய்விட்டேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் கறுப்புப் போனைத் திரும்ப உள்ளே வைத்தார். "அப்ப இதப் பாருங்க டீச்சர். சோக்கான சாமான். ஆனா இது இளந்தாரிமாருக்கு" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து ஒன்றை எடுத்தார்.

மாதுளம்பழ நிறத்தில், இரண்டாக மடித்து வைத்த போன். மூடியிருக்கும்போது பவுடர் டப்பா அளவுதான். மேல்மூடியில் சின்னதாக ஒரு கண்ணாடி யன்னல், அதில் நேரம் தெரிகிறது. ஆராவது அழைத்தால் அவர்களுடைய பெயர் தெரியுமாம். விளிம்பில் பெருவிரல் நகம் போகிற அளவுக்கு ஒரு பள்ளம். அதில் விரலை வைத்துத் தள்ளினால், பாதி தூரத்துக்குப் பிறகு பிணைச்சல் தானே மிச்சத்தைத் திறந்துவிடுகிறது. திறந்தால் போதும், அழைப்பை எடுத்தாயிற்று. மூடினால் கதை முடிந்தது. பொத்தான்கள் உள்ளே பத்திரமாக இருப்பதால் சட்டைப் பையில் கிடந்து தானே ஆருக்கும் அடிக்காது. ஒருதரம் சார்ஜ் போட்டால் நாலைந்து நாளைக்குக் கவலையில்லை.

நான் என் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் திறந்து பார்த்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. விளங்கியிருக்கும். "இன்னொருக்காத் திறந்து பாருங்க டீச்சர், அவசரமில்ல" என்றார்.

என் மனிதருடைய அழுத்தின சட்டைப் பைக்குப் பொருத்தமான சாமான் அது. வாங்கிவிட்டேன்.

திறக்கப் பழக அவருக்கு ஒரு பின்னேரம்கூடச் செல்லவில்லை. ஆனால் எடுத்தால் எப்படிக் கதைப்பது? வாத்திச்சி மூளை என்னுடையது, சும்மா இருக்குமா? போனின் ஓட்டில் நகத்தால் தட்டச் சொன்னேன். ஒரு தட்டு என்றால் ஓம், இரண்டு தட்டு என்றால் இல்லை. நான் முற்றத்தில் நின்று எடுக்க, அவர் உள்ளேயிருந்து தட்ட, டக் என்று பளிச்சென்று கேட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு இடைவேளைக்கும் ஆசிரியர் அறை யன்னலோரம் நான் போனோடுதான்.

"சாப்பிட்டீங்களா?" டக். "மருந்து போட்டீங்களா?" டக். "கதவு பூட்டிக் கிடக்கா?" டக்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இருப்புக் கொண்டது அந்தச் சத்தத்தால்தான். ஆனால் நாள் போகப் போக ஒன்று உறுத்தத் தொடங்கிற்று. இரண்டு தட்டு ஒரு நாளும் வரவில்லை. எதைக் கேட்டாலும் ஓம்தான். ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், "அங்க மழையா பெய்யுது?" என்று கேட்டேன். டக் என்றார். போனை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போ இத்தனை நாளும் நான் கேட்டது அவருடைய பதிலில்லை, வெறும் நகம்தான் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை, துறைமுகத்தில் அவர் விட்டுவிட்டு வந்த குடையையும் பூட்ஸையும் எடுக்க, பள்ளிக்கூடம் போகிற வழியில் இறங்கினேன். அவர் நிற்கிற இடத்தில் வேறொருவர் நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்தார். தொண்டைக்குள் முள் சிக்கின குரல். ஆருக்கும் சிரிப்பில்லை, விலை ஏறவுமில்லை. குடையையும் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று இடைவேளையில் எடுத்தேன். என்ன பிசாசு பிடித்ததோ, அவருடைய வாயைக் கிண்டிப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

"உங்கட இடத்துல இப்ப புதுசா ஒராள் கூறுறார்."

டக்.

"இண்டைக்கு நிண்டு கேட்டன். நல்ல குரல்."

சத்தமில்லை.

"உங்களவிடத் திறம் எண்டு சனம் கதைக்குது. ஓமா?"

டக், டக்.

எனக்கு மயிர் சிலிர்த்தது. இரண்டு தட்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் நானா?

"என்ன இல்ல? என்ர காதால கேட்டனான். உங்கட குரல் அதுக்குக் கிட்டவும் வராது."

டக், டக். டக், டக். நகம் உடைந்துவிடும் போல.

"சும்மா இருங்க. உங்களுக்குப் பொறாம."

டப் என்று மூடிவிட்டார்.

நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. பக்கத்து மேசை டீச்சர் பயந்துபோய் எழும்பி வந்து, "என்னகா, வீட்ட ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டா.

"கோவிச்சுக்கொண்டு போன வெச்சிட்டார்" என்றேன்.

"அதுக்கு ஏன்கா சிரிக்கிறீங்க?"

அவவுக்கு எப்படிச் சொல்வது? ஒரு வருடமாக நான் தேடின ஆள் இப்போதுதான் என்னோடு சண்டை பிடித்துவிட்டுப் போகிறார் என்று சொன்னால் விளங்குமா?

மறுகா எடுத்தேன். திறக்கவில்லை. கோபத்தில்தான் என்று தெரியும், ஆனாலும் கோபம் வராமல் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னது நினைவு வந்தது. திரும்பவும் எடுத்தேன். கடைசி நேரத்தில் திறந்தார். தட்டு இல்லை. மூக்கால் விடுகிற மூச்சு மட்டும் கேட்டது. அது எனக்கு நன்றாகப் பழக்கமான மூச்சு.

"இஞ்ச பாருங்க, பொய்தான் சொன்னன்" என்றேன். "அந்தாள் கூறுறதக் கேட்டா மீனும் திரும்பக் கடலுக்க ஓடும். உங்களப் போலக் கூற இந்தத் துறைமுகத்துல ஒருத்தரும் இல்ல. ஓமா, இல்லையா?"

யோசிக்கவேயில்லை அவர். டக்.

அந்த ஓமை நான் நம்பினேன்.